களவும் விசாரணையும்

நம் சங்கத்தின் ஆண்டு மலரில் இலக்கியக் கட்டுரை உண்டு; திருத்தல வரலாறு உண்டு; சமையற் குறிப்பும் உண்டு. திரைப்படத்தைப் பற்றி எழுதப் புகுந்தால் பெரியவர்கள் சிலரின் நெற்றி சுருங்கும் என்பதை நாம் அறிவோம். அதிலும் திருட்டைப் பற்றிய திரைப்படம்! எனினும், சென்ற ஆண்டு மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நம் மண்டபத்தில் திரையிட்ட ‘விசாரணை’ என்னும் படம் நம்மிடையே எழுப்பிய வாதம் இன்றளவும் ஓயவில்லை. “குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற படமா இது?” என்று பாதியிலேயே எழுந்து சென்றோர் உளர். விளக்குகளை ஏற்றிய பின்னும் நாற்காலியை விட்டு எழாதிருந்தோரும் உளர். இவ்விரு சாராரையும் மனத்திற்கொண்டு, களவுக் கதையைத் தமிழர் எவ்வாறு சொல்லி வந்திருக்கின்றனர் என்பதைச் சற்றே பின்னோக்கிப் பார்க்க விழைகிறோம்.

களவு என்னும் சொல்லே நமக்கு இருபொருள் தருவது. அகப்பொருள் நூலார்க்கு அது காதல். ஊர்க்காவலர்க்கு அது திருட்டு. முன்னதைப் பற்றிப் பேசாத தமிழ் மேடை இல்லை. ஆதலின் பின்னதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

தமிழில் நமக்குக் கிடைத்துள்ள களவுக் கதைகளுள் தலையாயது சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. கண்ணகியின் கற்பையும் மதுரை எரிந்ததையும் பேசிப் பேசி, அதன் நடுவே ஒரு திருட்டு வழக்கு இருப்பதை நாம் மறந்துவிடுகிறோம். அரசியின் சிலம்பு ஒன்று காணாமற் போகிறது. எடுத்தவன் அரண்மனைப் பொற்கொல்லன். அவன் அதை எப்போது எடுத்தான், எப்படி எடுத்தான் என்று இளங்கோவடிகள் விரித்துக் காட்டவில்லை. புகாரிலிருந்து பிழைக்க வந்த ஒருவன், மனைவியின் காற்சிலம்பை விற்க மதுரைக் கடைவீதிக்கு வருகிறான். ஊரில் அவனை அறிந்தவர் இலர். அவனைக் கண்ட மாத்திரத்தில் பொற்கொல்லனுக்குத் தன் களவை இறக்கி வைக்க ஒரு தோள் கிடைத்துவிட்டது.

இதில் நம்மை வியக்க வைப்பது அதன் பின் வரும் காட்சி. கோவலனைக் கொல்ல வந்த காவலர்கள் உடனே வாளை ஓங்கிவிடவில்லை. அவன் முகத்தைப் பார்க்கிறார்கள். இவன் கள்வன் போல் தோன்றவில்லையே என்று தயங்குகிறார்கள். அப்போதுதான் பொற்கொல்லன் களவு நூலைப் பற்றி ஒரு சொற்பொழிவே நிகழ்த்துகிறான். கள்வர்க்குத் துணையாவன எட்டு என்கிறான். மந்திரம் முதலாக மருந்து, நிமித்தம், கருவி என்றெல்லாம் அடுக்குகிறான். மாறுவேடம் பூண்டு அரண்மனைக்குள் புகுந்த கள்வர் கதைகளையும் சொல்கிறான். திருடும் முறையை இவ்வளவு நுட்பமாக அறிந்தவன் திருடனன்றி வேறு யாராக இருக்க முடியும் என்று அங்கிருந்தவர் ஒருவருக்கும் தோன்றவில்லை. கல்வியறிவற்ற, கள்ளுண்ட காவலன் ஒருவனின் வாள் விழுகிறது. விசாரணை நடக்கவேயில்லை. அது நடந்தது மறுபடி கண்ணகி அரசவைக்கு வந்த பிறகே. அதுவும் உடைந்த சிலம்பின் பரலைக் கொண்டு.

இக்கதையை நம் முன்னோர் கூத்தாக ஆடினர், நாடகமாக நடித்தனர். ‘கண்ணகி’ 1942லும் ‘பூம்புகார்’ 1964லும் திரைக்கு வந்தன. ஆனால் களவைப் பற்றிப் படமெடுத்த நம் திரையுலகம் பெரும்பாலும் கோவலன் வழியில் செல்லவில்லை; வேறொரு கள்வனையே விரும்பியது.

1954ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டில் வந்த ‘மலைக்கள்ளன்’ நாமக்கல் கவிஞர் எழுதிய நாவலைத் தழுவியது, எம்.ஜி.ஆர். நடித்தது, மு. கருணாநிதி உரையாடல் எழுதியது. செல்வரிடம் பறித்து ஏழைக்கு ஈயும் கள்வன் அவன். சிறந்த தமிழ்ப்படம் என்று குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கமும் பெற்றது. அதைக் கோவை பட்சிராஜா ஸ்டூடியோவில் எடுத்த எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு பின்னர் நம் பெங்களூருக்கு வந்து சாமுண்டீஸ்வரி ஸ்டூடியோவை நிறுவினார் என்பது இந்நகரத் தமிழர் அறிய வேண்டிய செய்தி. அக்கதை 1957இல் ‘பெட்டத கள்ள’ என்று கன்னடத்திலும் வந்தது. மக்கள் அதனை எம்மொழியிலும் விரும்பினர். விரும்பியதில் தவறொன்றும் இல்லை. மலைக்கள்ளனைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய எவரும் பக்கத்து வீட்டுக்காரரை ஐயுறவில்லை. ஏனெனில் அத்தகைய கள்ளன் எந்தத் தெருவிலும் இல்லை.

அதே 1954இல் வீணை எஸ். பாலசந்தர் ஏவி.எம். நிறுவனத்திற்காக ‘அந்த நாள்’ என்ற படத்தை இயக்கினார். 1943 அக்டோபரில் ஜப்பானியர் சென்னை மீது குண்டு வீசிய நாளையொட்டி நிகழும் கொலை ஒன்றின் விசாரணையே கதை. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டைக் காட்சியும் இல்லை. சிவாஜி கணேசன் நாட்டின் ரகசியத்தைப் பகைவருக்கு விற்பவராக நடித்தார். ரகசியத்தைத் திருடுவதும் திருட்டுத்தானே! ஜாவர் சீதாராமன் எழுதி, துப்பறியும் அதிகாரியாகவும் தோன்றினார். ஒவ்வொரு சாட்சியும் தன் மனத்தில் இருக்கும் ஐயத்தை உண்மை போலச் சொல்லும் முறையை அதில் காணலாம். படம் வெளிவந்த காலத்தில் வசூலில் வெற்றி பெறவில்லை. மனைவியாக நடித்த பண்டரிபாய் அதே ஆண்டில் ராஜ்குமாரின் முதற் கதாநாயகப் படமாகிய ‘பேடர கண்ணப்பா’விலும் நாயகி. நம் இரு மொழித் திரையுலகும் ஒரே முற்றத்தில் வளர்ந்தவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

உலகின் பிற பகுதிகளிலும் அக்காலத்தில் களவுப் படம் இரு கிளையாகப் பிரிந்தது. பிரான்சில் ஜூல்ஸ் டாசின் 1955இல் எடுத்த ‘ரிஃபிஃபி’யில் பாரிஸ் நகைக்கடை ஒன்றில் கன்னமிடும் காட்சி ஏறத்தாழ அரைமணி நேரம் ஓடுகிறது, அத்தனை நேரமும் பேச்சில்லை, இசையில்லை. பார்ப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருடனின் கைத்திறமையில் மயங்கிப் போகிறார். பொற்கொல்லன் சொன்ன எட்டுத் துணைகளும் அங்கே கண்ணெதிரே நிற்கின்றன எனலாம். இத்தாலியில் டி சிகா 1948இல் எடுத்த ‘சைக்கிள் திருடர்கள்’ மற்றொரு கிளை. சுவரொட்டி ஒட்டும் தொழிலாளியின் சைக்கிள் களவு போகிறது. தேடித் தேடிச் சலித்த அவன் கடைசியில் தானே ஒரு சைக்கிளைத் திருடி, மகன் கண் முன்னால் பிடிபடுகிறான். அவ்வேடத்தில் நடித்தவர் தொழில்முறை நடிகர் அல்லர்; ஆலைத் தொழிலாளி. 1952இல் இந்தியாவில் நடந்த முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் அப்படம் காட்டப்பட்டபோது நம் நாட்டுக் கலைஞர் பலர் அதைக் கண்டு வேறு வழியில் எண்ணத் தலைப்பட்டனர்.

இந்நகரிலும் அவ்விதை முளைத்தது. சங்கர் நாக் தாம் முதன்முதல் இயக்கிய ‘மிஞ்சின ஓட்ட’ என்னும் கன்னடப் படத்தை 1980இல் வெளியிட்டார். கார் திருடிப் பிழைப்போர், அவர்கள் புகும் சிறை, அங்கிருந்து தப்பும் முயற்சி, இவ்வளவே கதை. அனந்த் நாகும் சங்கர் நாகும் அண்ணன் தம்பியர்; அவர்களோடு முதியவராகிய லோகநாத். திருடர்களை வீரர்களாகவும் ஆக்காமல் அரக்கர்களாகவும் ஆக்காமல், பசியும் நகைச்சுவையும் உள்ள சாதாரண மனிதர்களாக நடித்துக் காட்டினர். கர்நாடக அரசின் விருதும் கிடைத்தது. நம் சங்க அன்பர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இதைப் பார்த்திரார். நாமும் இவ்வூருக்கு வந்து நெடுங்காலம் கழித்தே பார்த்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

இனி ‘விசாரணை’க்கு வருவோம்.

1983ஆம் ஆண்டு. ஆந்திரத்தின் குண்டூர் நகரில் பிழைப்புத் தேடிச் சென்ற தமிழ் இளைஞர் சிலரைக் காவலர்கள் ஒரு திருட்டு வழக்கில் பிடித்து அடைத்தனர். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி 13 நாள் அடித்தனர். அவர்களுள் ஒருவராகிய மு. சந்திரகுமார் பிற்காலத்தில் கோவையில் ஆட்டோ ஓட்டிக்கொண்டே அந்நாட்களை ‘லாக்கப்’ என்னும் நாவலாக எழுதினார். அந்நூலை அடிப்படையாகக் கொண்டு வெற்றிமாறன் இயக்கி, தனுஷும் அவரும் தயாரித்த படமே ‘விசாரணை’. 2015இல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, ஆம்னெஸ்டி அமைப்பின் இத்தாலியக் கிளை அளித்த விருதைப் பெற்றது. 2016 பிப்ரவரியில் இந்தியாவில் வெளிவந்தது. சிறந்த தமிழ்ப்படத்திற்கான தேசிய விருதும் அதற்கே. படத்தொகுப்பாளர் தி.எ. கிஷோர் அதே படத்திற்காகத் தேசிய விருது பெற்றார். விருது வந்தபோது அவர் உயிரோடில்லை.

இயக்குநரின் ஆசான் பாலு மகேந்திரா. மட்டக்களப்பில் பிறந்த அவர் முதன்முதல் இயக்கியது 1977இல் வந்த ‘கோகிலா’ என்னும் கன்னடப் படம். ஆசான் கற்பித்த சிக்கனம் மாணவரிடம் தெரிகிறது. இப்படத்திலும் ‘அந்த நாள்’ போலவே பாட்டு இல்லை.

திருட்டுப் படமென்று சொன்னோம். ஆனால் திருட்டை நாம் திரையில் காண்பதில்லை. பெரிய மனிதர் ஒருவர் வீட்டில் களவு போயிருக்கிறது. யாரையாவது பிடித்தாக வேண்டும். பூங்காவில் படுத்துறங்கும் வெளியூர் இளைஞர்கள் அகப்படுகிறார்கள். எதற்காகப் பிடித்தார்கள் என்பதே அவர்களுக்கு நெடுநேரம் தெரியாது, நமக்கும் தெரியாது. அடி விழுகிறது. அடிப்பவருக்கு அவர்கள்மேல் சினம்கூட இல்லை. வழக்கை முடிக்க வேண்டிய அலுவல் அது. நாம் கோப்பை முடித்து மேசையின் ஓரத்தில் தள்ளுவது போல. இந்த அமைதிதான் நம் மண்டபத்தில் பலரை எழுந்து போகச் செய்தது என்று எண்ணுகிறோம். வில்லன் உறுமினால் நாம் தாங்கிக்கொள்வோம். அவன் அலுவல் நேரம் பார்த்து வேலை செய்தால் தாங்க முடிவதில்லை.

பாண்டியாக வரும் தினேஷ், ‘குக்கூ’வில் கண்ணிழந்த இளைஞராக நடித்துப் பெயர் பெற்றவர். இங்கே அவர் உடலே பேசுகிறது. அடி வாங்கிய மனிதன் அதன் பின் எப்படி உட்காருகிறான், எப்படித் தண்ணீர்க் குவளையை ஏந்துகிறான் என்பவற்றை அவர் மறப்பதேயில்லை. காட்சிக்குக் காட்சி அந்த வலி உடலில் தங்கியிருக்கிறது. முருகதாஸ் அச்சத்தால் பேசிக்கொண்டேயிருப்பவனின் பரிதாபத்தைக் காட்டுகிறார். அஜய் கோஷ் குண்டூர் ஆய்வாளராக, வீட்டிலே நல்ல தகப்பனாராக இருக்கக்கூடியவர் போலவே தோன்றுகிறார். அச்சம் அங்கேதான் பிறக்கிறது.

நம் போன்றோரைத் தொடும் காட்சி நீதிமன்றத்தில் நிகழ்வது. தம் குறையைத் தெலுங்கில் எடுத்துரைக்க இயலாத இளைஞர்கள் ஒருபுறம். தமிழறியாத நீதிபதி ஒருபுறம். பாண்டி தன் மொழியில் கதறுகிறான். தமிழ் தெரிந்தவர் எவரேனும் உண்டா என்று தேடும்போது, வேறொரு வேலையாக அங்கு வந்திருந்த தமிழகக் காவல் அதிகாரி முத்துவேல் முன்வந்து மொழிபெயர்க்கிறார். அவர்கள் விடுதலை பெறுகிறார்கள். முத்துவேலாக நடித்த சமுத்திரக்கனிக்குச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. இந்த ஒரு காட்சிக்கே அதைக் கொடுத்திருக்கலாம். அவர் குரலில் பெருமிதம் இல்லை. கடமையைச் செய்யும் வறட்சிதான் இருக்கிறது. அவ்வறண்ட குரல் கேட்டு நம் மண்டபத்தில் பலர் கண்களைத் துடைத்துக்கொண்டதைக் கண்டோம். இவ்வூருக்கு வந்த புதிதில், மொழி தெரியாமல் ஏதோ ஓர் அலுவலகச் சன்னலின் முன் நின்றபோது, முன்பின் அறியாத ஒருவர் நமக்காக இரண்டு சொல் சொன்னதை நம்மில் மறந்தவர் யார்?

படம் இங்கே முடிந்திருந்தால் தமிழர் மகிழ்ந்து கைதட்டிக் கலைந்திருப்போம். ஆனால் அதன் கூர்மை இதற்குப் பிறகுதான். நன்றிக்கடனாக அவ்விளைஞர்கள் முத்துவேலுக்கு ஓர் உதவி செய்கிறார்கள். செல்வாக்குள்ளவர்களின் கணக்குகளை அறிந்த தணிக்கையாளர் ஒருவரைப் பிடித்துத் தர உதவுகிறார்கள். பிறகு தமிழ்நாட்டுக் காவல் நிலையத்தைத் துப்புரவு செய்ய அழைத்துச் செல்லப்படுகிறார்கள். அங்கே அந்தத் தணிக்கையாளர் காவலிலேயே இறந்துபோகிறார். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்ட இளைஞர்களைக் கொள்ளையர் என்று பெயரிட்டுச் சுட்டுக்கொல்ல ஏற்பாடாகிறது. மனச்சான்று உறுத்தத் தயங்கும் முத்துவேலும் தப்பவில்லை. தெலுங்கு நாட்டில் தமிழ் அவர்களைக் காத்தது. தமிழ்நாட்டில் அவர்களுக்கு எதிராகத் தீட்டிய திட்டம் முழுவதும் தமிழிலேயே பேசப்பட்டது. தணிக்கையாளராக நடித்த கிஷோர் சென்னப்பட்டணத்தைச் சேர்ந்த கன்னட நடிகர். செல்வாக்கின் மீது கொண்டிருந்த நம்பிக்கை அவர் முகத்திலிருந்து சிறிது சிறிதாக வடிந்து போவதை, நடிப்புப் பயிலும் இளைஞர்கள் இருமுறை பார்க்க வேண்டும்.

இப்பிற்பகுதியைப் பார்க்கும்போது 2012ஆம் ஆண்டு நமக்கு நினைவு வந்தது. அவ்வாண்டு ஜனவரியில் பெருங்குடியிலும் பிப்ரவரியில் கீழ்க்கட்டளையிலும் பட்டப்பகலில் இரு வங்கிகள் கொள்ளையடிக்கப்பட்டன. பிப்ரவரி 23 அன்று நள்ளிரவு கடந்த வேளையில் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் வடமாநிலத்து இளைஞர் ஐவர் காவல்துறையினரால் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்களே கொள்ளையர் என்றும், தம்மைச் சுட்டதால் திருப்பிச் சுட்டதாகவும் காவல்துறை கூறியது. மனித உரிமை அமைப்புகள் அதைக் கேள்விக்குள்ளாக்கின. அதன் பின் சென்னையில் வீட்டுக்காரர்கள் குடியிருப்போரின் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. கட்டட வேலைக்கும் உணவக வேலைக்கும் வந்த வடநாட்டு இளைஞர்கள் தெருவில் நடந்தால் திரும்பிப் பார்க்கும் வழக்கம் நம் உறவினர் வீடுகளிலேயே உண்டாயிற்று. குண்டூரில் 1983இல் தமிழன் நின்ற இடத்தில் சென்னையில் அவர்கள் நின்றனர். புகாரிலிருந்து மதுரைக்கு வந்தவன் நின்றதும் அவ்விடத்திலேயே.

இவ்வளவும் எழுதிவிட்டு நம்மைப் பற்றி எழுதாமல் விட்டால் நேர்மையாகாது. பல ஆண்டுகளுக்கு முன் நம் காலனியில் ஒரு வீட்டில், குடும்பத்தினர் திருப்பதிக்குச் சென்று திரும்பியபோது, இரு பொன் வளையல்களைக் காணவில்லை. அடுத்த மனையில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த தொழிலாளர் அங்கே தகரக் கொட்டகையில் குடியிருந்தனர். அன்று மாலை கூடியபோது, “அந்தக் கொட்டகைக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்” என்ற சொல் முதலில் தமிழ் வாயிலிருந்துதான் வந்தது. புகார்க் கடிதத்தை எழுதியவரும் நாமே. நல்ல நடையில் எழுதினோம். கொட்டகைக்கு இரவில் வந்துபோவோரைப் பற்றியும், சுவரேறப் பயன்படும் சாரத்தைப் பற்றியும் கண்ணால் கண்டவர் போல் விவரித்திருந்தோம். பக்கத்து வீட்டுக் கன்னட ஆசிரியர், ஓய்வு பெற்றவர், ஒருவர் மட்டும், “முதலில் வீட்டுக்குள்ளேயே நன்றாகத் தேடிப் பாருங்கள் ஸார்” என்று தம் மொழியில் மெல்லச் சொன்னார். அவருக்கு நம் பதற்றம் புரியவில்லை என்று அப்போது நினைத்தோம்.

இருவரை அழைத்துச் சென்றனர். மறுநாள் பிற்பகலில் திரும்பி வந்தனர். அவர்களுள் இளையவர் அதன் பின் நான்கைந்து நாள் இடக்கையால் மட்டுமே சட்டி எடுத்ததை நம் வீட்டு மாடியிலிருந்து பார்த்தோம். மாதக் கடைசியில் வளையல்கள் அரிசி டிரம்மின் அடியில், துணியில் சுற்றியபடி கிடைத்தன. பயணத்திற்கு முன் பத்திரமாக வைத்த அம்மையார் வைத்த இடத்தை மறந்திருந்தார். அதற்குள் தளம் போடும் வேலை முடிந்து, கொட்டகையைப் பிரித்துக்கொண்டு அவர்கள் வேறெங்கோ சென்றுவிட்டனர். எங்கே என்று மேஸ்திரியைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

படம் முடிந்த அன்று மண்டபத்தின் வாயிலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டு அம்மையார் நம்மைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. நாமும் பேசவில்லை. இக்கட்டுரையை மலருக்கு அனுப்புமுன் அவரிடம் படித்துக் காட்டினோம். “அப்படியே போடுங்கள்” என்றார்.

இவ்வாண்டு திரையிடுவதற்கு ‘மிஞ்சின ஓட்ட’ படத்தைத் தேர்ந்திருக்கிறோம். கன்னடம் சரளமாக விளங்காத முதியவர்களுக்காக, இடையிடையே நிறுத்தி விளக்கிச் சொல்ல அதே ஆசிரியர் இசைந்துள்ளார். அவர் கன்னடத்தில் சொல்வதைத் தமிழில் சொல்லும் பொறுப்பை நாம் ஏற்றிருக்கிறோம். காட்சி மாலை 4 மணிக்குத் தொடங்கும்; காப்பி உண்டு.